தழும்பின் நீளமும் சொல்லாமல் விட்டவையும்: வால்வு அறுவை செய்யும் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

இதய அறுவைப் பிரிவு நடத்தும் தமிழக மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும் விளம்பரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நெஞ்சைப் பிளக்காமல் வால்வு ஆபரேஷன், சின்னத் தழும்பு, சில நாளில் வீடு. இந்த மாதிரி வாசகங்கள் இப்போது பேருந்து நிலையத்துப் பலகைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் சாதாரணமாகிவிட்டன. எக்கோ அறிக்கையைக் கையில் பிடித்தபடி வரும் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "வால்வை ரிப்பேர் பண்ண முடியுமா, மாற்றணுமா?" என்று கேட்டவர்கள் இன்று "எத்தனை இன்ச் வெட்டுவீங்க?" என்று கேட்கிறார்கள். கேள்வியை மாற்றியது நம் விளம்பரங்கள்தான்.

இதை எழுதும் நாங்கள் இதய அறுவை அரங்கில் வேலை செய்பவர்கள். அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், பம்ப் எனப்படும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், செவிலியர் எல்லோரும் எங்களில் உண்டு. சிறுவெட்டு முறைக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. சரியான ஆளுக்கு, பழகிய குழு செய்தால், அது நல்ல அறுவை. ஒப்பீட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்துவிட்டு மறுபக்கத்தை ஆபரேஷனுக்கு முந்தைய இரவு, ஆங்கிலப் படிவத்தில், கையெழுத்து வாங்கும் நேரத்தில் காட்டுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். 'கீஹோல்' என்ற ஒரே சொல்லின் கீழ் குறைந்தது மூன்று வெவ்வேறு காரியங்கள் விற்கப்படுகின்றன. தொடை இரத்தக் குழாய் வழியே கம்பி செலுத்தி, இதயத்திலிருந்து மகாதமனி கிளம்பும் வாயிலில் உள்ள அயோர்டிக் வால்வைப் பொருத்தும் 'டாவி' ஒன்று. பிரான்சின் ரூவான் நகரில் 2002-ல் அலேன் கிரிபியே முதன்முதலில் செய்தது. அதற்கு இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை, பம்பும் வேண்டியதில்லை. இரண்டாவது, வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் செய்யும் அறுவை. மூன்றாவது, நெஞ்செலும்பின் மேல்பாதியை மட்டும் அறுத்துச் செய்யும் அயோர்டிக் அறுவை. பின் இரண்டிலும் இதயம் நிறுத்தப்படுகிறது, இரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஓடுகிறது, வால்வு வெட்டியெடுக்கப்படுகிறது அல்லது சீர்செய்யப்படுகிறது. அதாவது அதுவும் 'ஓப்பன் ஹார்ட்'தான். "ஓப்பன் ஹார்ட் இல்லை, கீஹோல்தான்" என்று வரவேற்பு மேசையில் சொல்லப்படுவது பொய். எந்த மருத்துவரும் இப்படிச் சொல்லித்தரவில்லை என்றாலும் சொல்லப்படுகிறது.

முழுத்திறப்பு முறை எல்லோருக்கும் தெரிந்தது. நெஞ்சின் நடுவே 20 செ.மீ. அளவில் தோல் வெட்டு, ரம்பத்தால் நெஞ்செலும்பு நெடுக்காகப் பிளக்கப்படும். கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுத்து, இரத்தம் உறையும் நேரம் 480 விநாடியைத் தாண்டியதும், மகாதமனியில் நேரடியாக ஒரு குழாய், மேல் கீழ் பெருஞ்சிரைகளில் ஒவ்வொன்று. பம்ப் ஓடத் தொடங்கியதும் மகாதமனிக்குக் குறுக்கே கிளாம்ப் என்ற கவ்வியைப் போட்டு, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் இதயத்தை நிறுத்துவார்கள். எல்லாம் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில். ஏதாவது கிழிந்தால் விரல் போய் அடைக்கும். இந்த முறையின் பெரிய பலமே அந்த விரல்தான். முடிவில் ஆறு முதல் எட்டு எஃகுக் கம்பிகளால் எலும்பைச் சேர்த்துக் கட்டுவார்கள். எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும்.

சிறுவெட்டு மைட்ரல் அறுவையில் வலது மார்புக்கு அடியில், நான்காவது விலா இடைவெளியில், 4 முதல் 7 செ.மீ. வெட்டு. கேமராவுக்கு ஒரு துளை, கிளாம்புக்கு ஒன்று, உறிஞ்சு குழாய்க்கு ஒன்று. இடம் போதாததால் பம்ப் குழாய்கள் தொடை இடுக்கு வழியே போகின்றன. தொடைச் சிரையில் நுழைக்கும் நீளமான குழாய் இதயத்தின் வலது மேலறையைத் தாண்டி மேல் பெருஞ்சிரை வரை போக வேண்டும். கம்பி சரியான இடத்தில் இருப்பதை உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் தள்ளுவார்கள். பார்க்காமல் தள்ளினால் மேலறைச் சுவரோ சிரையோ கிழியும். குழாய் நீளம், குறுகல். தானாக வடியும் இரத்தம் போதாது. மைனஸ் 40 முதல் 60 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சு அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். வலது நுரையீரலைச் சுருக்கி வைக்க மயக்க மருத்துவர் இரட்டைக் குழாய் போட்டு இடது நுரையீரலில் மட்டும் சுவாசம் ஓட்டுவார். உள்ளே ஷாக் கொடுக்கும் தகடு வெட்டுக்குள் நுழையாது என்பதால் அதற்கான ஒட்டுத் தகடுகளை முன்கூட்டியே முதுகிலும் மார்பிலும் ஒட்டிவிட வேண்டும். இந்தச் சின்ன வேலை மறந்துபோனால், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நேரத்தில் போர்த்திய துணிகளைக் கிழித்துக்கொண்டு தேட வேண்டிவரும்.

தொடைத் தமனியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமனிக் குழாயின் அளவு 'பிரெஞ்சு' எண்ணில் சொல்லப்படும். 3 பிரெஞ்சு என்றால் 1 மி.மீ. 17 பிரெஞ்சு குழாய் ஏறத்தாழ 5.7 மி.மீ. தடிமன். 150 செ.மீ. உயரம், 42 கிலோ எடை உள்ள பெண்ணின் தொடைத் தமனி 6 மி.மீ.க்குக் குறைவாக இருப்பது அபூர்வமே இல்லை. அதில் 17 பிரெஞ்சு குழாயைச் செருகினால் குழாயே தமனியை அடைத்துவிடும், கீழே கால் இரத்தமில்லாமல் கிடக்கும். கணக்குப் போட்டால் அவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.2 லிட்டர் ஓட்டம் போதும், 15 பிரெஞ்சிலேயே பெரும்பாலும் சமாளிக்கலாம். கால் பக்கமாக ஒரு சிறு குழாய் தனியே விடலாம். கெண்டைக்காலில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஒட்டுமானி வைத்துக் கண்காணிக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் தமனியை அளந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து தொடை வரை சாயம் ஏற்றிய சி.டி. எடுக்காமல் சிறுவெட்டு அறுவைக்குத் தேதி கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. செலவைக் குறைக்க அந்த சி.டி.யைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

அந்த சி.டி. இன்னொன்றையும் காட்டும். வழக்கமான முறையில் இரத்தம் மகாதமனியில் இயல்பான திசையில் போகிறது. தொடை வழியே செலுத்தும்போது வயிற்றிலிருந்து மேல்நோக்கி, எதிர்த்திசையில் போகிறது. வயதானவரின் மகாதமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தால் அந்த எதிரோட்டம் துணுக்குகளைப் பெயர்த்து மூளைக்குத் தள்ளக்கூடும். தமனிச் சுவரின் உள்படலம் கிழிந்து, கிழிசல் மேலேறி மகாதமனி முழுவதும் பரவுவதும் நடக்கும். இது அரிது. ஆனால் நடந்தால் மேசையிலேயே உயிர் போகக்கூடிய விபத்து.

கிளாம்ப் போடுவதிலும் வேறுபாடு உண்டு. அதற்கென நீளக் கைப்பிடி உள்ள கருவி மார்புச் சுவரில் தனித் துளை வழியே போய், மகாதமனிக்குப் பின்னுள்ள இடுக்கில் நுழைகிறது. அதன் நுனி பக்கத்திலேயே நுரையீரல் தமனி, இடது மேலறையின் 'காது' எனப்படும் சிறு பை. நுனியைக் கண்ணால் பார்க்காமல் மூடக்கூடாது. இதயத்தை நிறுத்தும் கரைசல் செலுத்த மகாதமனியில் குத்திய ஊசித்துளை அறுவை முடிந்ததும் கசிந்தால், முழுத்திறப்பில் ஒரு தையலில் தீரும். சிறுவெட்டில் அது ஆழத்தில், கோணலில் இருக்கிறது. எனவே அனுபவசாலிகள் அந்தத் தையலை, இதயம் காலியாகவும் அழுத்தம் குறைவாகவும் இருக்கும்போதே, பம்ப் நிற்பதற்கு முன்பே போட்டு முடித்துவிடுவார்கள். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியும் அப்படித்தான். இரத்தம் நிரம்பித் துடிக்கும் இதயத்தின் மேல் அதைத் தைக்கப் போனால் வலது கீழறை கிழியும், அங்கே எட்டித் தைக்க இடம் இராது.

உள்ளே வால்வில் நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. 12 முதல் 16 தையல்கள், வளையமோ புதிய வால்வோ, பிறகு முடிச்சுகள். சிறுவெட்டில் முடிச்சுகளை நீளக் கம்பியால் தள்ளி இறுக்க வேண்டும், அல்லது விலைகூடிய டைட்டானியம் பூட்டுகளைப் போட வேண்டும். ஒரு முடிச்சு தளர்ந்தால் வால்வின் ஓரத்தில் கசிவு. அந்தக் கசிவின் வழியே பீய்ச்சும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, மாதங்கள் கழித்துச் சோகையாக வெளிப்படும். ஒற்றைத் தட்டு வால்வுகளில் இன்னொரு கவனம் வேண்டும். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-ல் முதன்முதலில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இந்த வகை. பழைய வால்வின் இதழ்களைப் பிடித்திருந்த நாணில் மீதம் விட்ட துண்டோ தையல் நுனியோ தட்டில் இடித்தால் அது முழுதாகச் சாயாது. முழுத்திறப்பில் திருப்பிப் பார்த்துச் சரிசெய்வது எளிது. சிறுவெட்டில் அதற்குப் பொறுமையும் நல்ல கேமராவும் வேண்டும்.

காற்று. இதயத்தைத் திறந்தால் காற்று புகும், மூடும்போது அது முழுதும் வெளியேற வேண்டும். முழுத்திறப்பில் இதயத்தின் நுனியைக் கையால் தூக்கி, குலுக்கி, காற்றை வெளியேற்றலாம். சிறுவெட்டில் கை நுழையாது. ஆகவே அறுவை முழுவதும் கார்பன் டை ஆக்சைடை நெஞ்சறைக்குள் ஓடவிடுவார்கள். அது காற்றைவிடக் கனமானது, இரத்தத்தில் சட்டென்று கரையும். அது ஓடாமல் போனதையோ குழாய் மடங்கியதையோ யாரும் கவனிக்காவிட்டால், தங்கிய குமிழிகள் முதலில் போவது மேல்புறமாக அமைந்த வலது இதயத் தமனிக்கு. வலது கீழறை திடீரெனத் தளரும், மானிட்டரில் இ.சி.ஜி. கோடு உயரும். அப்போது பம்பை நிறுத்த அவசரப்படாமல் அழுத்தத்தை ஏற்றிக் காத்திருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். மூளைக்குப் போன குமிழிக்கு அந்தச் சலுகை இல்லை.

இரத்தக்கசிவும் இடம் மாறுகிறது. நெஞ்செலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் கசிவு சிறுவெட்டில் இல்லை. ஆனால் கேமராத் துளை, கிளாம்ப் துளை, விலா இடைத் தமனி எல்லாம் புதிய இடங்கள். கருவியை உருவும்வரை அது அடைத்துக்கொண்டிருக்கும், உருவிய பிறகு கொட்டும். பம்ப் நிற்பதற்கு முன் ஒவ்வொரு துளையையும் கேமராவை உட்புறமிருந்து திருப்பிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத இரவுகளில்தான் ஐ.சி.யூ.வில் வடிகுழாய் நிரம்பி, திரும்ப அரங்குக்கு ஓட்டம்.

இவ்வளவையும் அடுக்குவது பயமுறுத்த அல்ல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு, பழகிய குழுவுக்கு இவை தினசரி. ஆனால் 'எளிய ஆபரேஷன்' என்ற சொல் விளம்பரத்தில் வரும்போது யாருக்கு எளியது என்று கேட்கத் தோன்றுகிறது. வெளியே வெட்டைக் குறைத்ததற்கான உழைப்பு உள்ளே கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்களுக்கு வருவோம். சிறுவெட்டு இதய அறுவையை வளர்க்கவென்றே இயங்கும் சர்வதேசச் சங்கத்தின் நிபுணர்கள் 2011-ல் மைட்ரல் அறுவையில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். கிளாம்ப் நேரம் சிறுவெட்டில் சராசரி 95 நிமிடம், முழுத்திறப்பில் 74. பம்ப் நேரம் 144, முழுத்திறப்பில் 111. பக்கவாதம் 2.1 சதவீதம், எதிரே 1.2. மகாதமனிக் கிழிசல் 0.2, எதிரே பூஜ்யம். உதரவிதான நரம்பு செயலிழப்பு 3 சதவீதம், தொடை இடுக்கில் தொற்று 2 சதவீதம், எதிரே இரண்டும் பூஜ்யம். மறுதட்டில் வடிகுழாய் வழியே வடிந்த இரத்தம் 578 மி.லி., முழுத்திறப்பில் 871. நெஞ்செலும்புத் தொற்றும் குறைவு, இயல்பு வேலைக்குத் திரும்பிய நாளும் முன்னதாக வந்தது. இதை எழுதியவர்கள் இந்த முறையின் ஆதரவாளர்கள் என்பதைக் கவனியுங்கள். மறைக்காமல் எழுதினார்கள். நம் விளம்பரப் பலகைகளில் அந்த நேர்மை ஏன் இல்லை?

அதற்குப் பின் உத்திகள் மேம்பட்டன. 2023-ல் பிரிட்டனின் 10 மையங்களில் 330 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு வெளியானது. 12-ஆவது வாரத்தில் உடல் இயக்கத் திறனில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. வால்வைச் சீர்செய்ய முடிந்த விகிதம் இரண்டிலும் 96 சதவீதத்தை ஒட்டி. ஓராண்டில் மரணம், மறு அறுவை, இதயச் செயலிழப்பால் மீண்டும் சேர்க்கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சிறுவெட்டில் 5.4 சதவீதம், முழுத்திறப்பில் 6.1 சதவீதம். மருத்துவமனையில் தங்கிய நாள் 5, எதிரே 6. நான்கு நாளுக்குள் வீடு போனவர்கள் 33 சதவீதம், எதிரே 15. ஆக, நல்ல கைகளில் இரண்டும் சமம், சிறுவெட்டில் ஒரு நாள் முன்னதாக வீடு. இதைச் சொல்லி விளம்பரம் செய்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்த 330 பேர் யார்? சராசரி வயது 67. வயதால் தளர்ந்து கசியும் மைட்ரல் வால்வுக்காரர்கள். மெல்லிய இதழ், அறுந்த நாண், சீர்செய்ய ஏற்ற வால்வு. நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களில் பலர் வேறு ஆட்கள். பள்ளி வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல், இருபது முப்பது வயதில் தடித்து ஒட்டிச் சுண்ணாம்பேறிய வால்வு, பலூன் போல வீங்கிய இடது மேலறை, தாறுமாறான துடிப்பு, சிலருக்கு மேலறைக்குள் இரத்தக்கட்டி. இங்கே சுருக்கம் மட்டும் இருந்து, கசிவு குறைவாக, இதழ்கள் இளகியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, குழாய் வழியே பலூனை நுழைத்து வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சை. ஜப்பானின் கஞ்சி இனோவே 1984-ல் அறிமுகப்படுத்திய முறை, வெட்டே இல்லை. இரத்தக்கட்டி இருந்தால் பலூன் ஆகாது, அறுவைதான். அப்போதும் கட்டியை முழுதாகச் சுரண்டி எடுக்க, மேலறைக் காதை உள்ளிருந்து தைத்து மூட, வால்வின் அடிநாண்களைப் பிரித்துவிட நேரமும் பார்வையும் வேண்டும். ருமாட்டிக் வால்வைச் சீர்செய்வது தளர்ந்த வால்வைச் சீர்செய்வதைவிடப் பலமடங்கு கடினம். முழுத்திறப்பில் அரைமணி கூடுதலாகப் பாடுபட்டிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய வால்வை, சிறுவெட்டில் நேரம் கடந்துவிட்டது என்று மாற்றிவிட்டால், 15 செ.மீ. தழும்பை மிச்சப்படுத்தி இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரையைக் கொடுத்திருக்கிறோம். பிரிட்டன் எண்களை இந்த நோயாளிக்குக் காட்டுவது சரியல்ல.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். காசநோயோ நெஞ்சுச் சீழோ வந்து வலது நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பவர்கள் நம்மிடையே நிறைய. ஒட்டலைப் பிரிப்பதிலேயே நுரையீரல் கிழிந்து காற்றுக் கசியும். கணிசமான அயோர்டிக் கசிவு இருந்தால் இதயத்தை நிறுத்தும் கரைசல் இதயத் தமனிகளுக்குப் போகாமல் கீழறைக்குள் வழிந்து அதை வீங்கவைக்கும். வளையமெங்கும் சுண்ணாம்பு படிந்தவர், கூடவே பைபாஸ் தேவைப்படுபவர், ஒற்றை நுரையீரலில் தாக்குப்பிடிக்காத அளவு நுரையீரல் அழுத்தம் ஏறியவர், கால் தமனி அடைத்தவர், மார்பில் கதிர்வீச்சு பெற்றவர். இவர்களுக்கு முழுத்திறப்பே பாதுகாப்பு. "உங்களுக்குப் பழைய முறைதான்" என்று சொல்லும்போது ஏதோ மலிவுப் பதிப்பைக் கொடுப்பது போன்ற தொனி ஆலோசகர்களின் குரலில் வருகிறது. அந்தத் தொனியை முதலில் களையுங்கள்.

அயோர்டிக் அறுவையில் சண்டை குறைவு. நெஞ்செலும்பின் மேல்பாதியை மூன்றாவது அல்லது நான்காவது இடைவெளி வரை அறுத்து வலப்பக்கம் திருப்பும் முறையில் குழாய்கள் வழக்கமான இடத்திலேயே போடப்படுகின்றன, தொடையைத் தொட வேண்டியதில்லை. சிக்கல் வந்தால் மீதி எலும்பை அறுத்தால் முழுத்திறப்பு ஆகிவிடும். முறை மாறுவது எளிது, கற்பதும் எளிது. வலப்பக்க விலா வழி முறைக்கு உடலமைப்பு ஒத்துழைக்க வேண்டும். சி.டி.யில் மகாதமனியின் பாதிக்கு மேல் நெஞ்செலும்பின் வலது விளிம்பைத் தாண்டியிருக்கிறதா, நெஞ்செலும்பிலிருந்து 10 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்கினால், ஆழ்கிணற்றில் ஊசி தேடுகிற கதைதான். தையலில்லா வால்வு போட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம், ஆனால் நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது. அதையும் முன்பே சொல்ல வேண்டும்.

வலி விஷயத்தில் பலருக்கும் தவறான எண்ணம். பிளந்த நெஞ்செலும்பு, கம்பியால் இறுகக் கட்டியபின், அசையாமல் இருக்கும்வரை நினைப்பதைவிடக் குறைவாகவே வலிக்கும். விலா இடைவெளியை விரித்தால் அங்குள்ள நரம்பு நசுங்கும். முதல் இரண்டு மூன்று நாள் வலி சிறுவெட்டில் கூடுதலாகவும் இருக்கலாம், சிலருக்கு மார்புக்கடியில் மாதக்கணக்கில் எரிச்சலும் மரத்துப்போனதும் நீடிக்கும். இரும்பு விரிப்பானைத் தவிர்த்து மென்திசு விரிப்பானை மட்டும் பயன்படுத்தி, மயக்க மருத்துவர் விலா நரம்புத் தடுப்பு ஊசியும் போட்டால் இது நன்றாகக் குறையும். சிறுவெட்டின் உண்மையான ஆதாயம் பிந்தைய வாரங்களில் தெரியும். எலும்பு கூடும் வரை 3, 4 கிலோவுக்கு மேல் தூக்காதே, ஒருக்களித்துப் படுக்காதே, வண்டி ஓட்டாதே என்ற கட்டுப்பாடுகள் இல்லை. குடம் தூக்கும் பெண்ணுக்கும், மூட்டை தூக்குபவருக்கும், இருசக்கர வண்டியில் பிழைப்பு நடத்துபவருக்கும் அது பெரிய விஷயம். சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்தவருக்கு நெஞ்செலும்புத் தொற்று ஏற்படாமல் தப்புவது அதைவிடப் பெரிய விஷயம். விளம்பரத்தில் இதைப் போடுங்களேன். தழும்பு தெரியாமல் சேலை கட்டலாம் என்பதைவிட இது கனமான காரணம்.

குழுவின் பழக்கத்துக்கு வருகிறோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 17 அறுவை மருத்துவர்கள் செய்த ஏறத்தாழ 3,900 சிறுவெட்டு மைட்ரல் அறுவைகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒருவர் இந்த முறையில் கை தேற 75 முதல் 125 அறுவைகள் ஆகின்றன, தேறிய கை மழுங்காமலிருக்க வாரம் ஒன்றுக்கு மேல் செய்ய வேண்டும் என்பது அதன் முடிவு. நிர்வாகத்தினரே, உங்கள் மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை நடக்கிறது? மாதம் ஒன்று நடக்கும் இடத்தில் மாதம் முழுக்க விளம்பரம் எதற்கு? கற்றுக்கொள்ளும் காலம் எல்லோருக்கும் உண்டு, அதில் வெட்கமில்லை. ஆனால் முதல் இருபது பேரில் ஒருவராகத் தான் இருக்கப்போவது நோயாளிக்குத் தெரிய வேண்டும். தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முழு நெஞ்சும் மருந்து பூசித் தயாராக, ரம்பம் மேசைமேல் இருக்க வேண்டும். பாதியில் முழுத்திறப்புக்கு மாறுவதைத் தோல்வியாகக் கணக்கெழுதும் வழக்கத்தையும் விடுங்கள். மாறத் தயங்கி இழுத்தடித்த நிமிடங்கள்தான் கொல்கின்றன.

விளம்பரத்தில் எங்குமே வராத ஒரு பகுதி, வால்வுக்குப் பிந்தைய வாழ்க்கை. உலோக வால்வு போட்டால் ஆயுள் முழுதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிட வேண்டும். இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் அயோர்டிக்குக்கு 2.5 அளவில், மைட்ரலுக்கு 3 அளவில் நிற்க வேண்டும். பரிசோதனை தேவையில்லாத புதிய இரத்த இளக்கிகள் உலோக வால்வுக்கு ஆகாது, அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்து முயன்ற ஆய்வு இரத்தக்கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. திசு வால்வுக்கு அந்த மாத்திரைத் தொல்லை குறைவு, ஆனால் 10 முதல் 15 ஆண்டில் தேய்ந்துவிடும், இளம் வயதில் இன்னும் விரைவாக. இளையவருக்கு மறு அறுவைக்கு வாய்ப்பு மிக அதிகம். ருமாட்டிக் நோயாளிக்கு 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பெனிசிலின் ஊசி வால்வு மாற்றிய பின்பும் தொடர வேண்டும். வெட்டு 5 செ.மீ. ஆனாலும் 20 ஆனாலும் இவை மாறுவதில்லை.

24 வயதுத் திருமணமான பெண்ணிடம் தழும்பு மார்புக்கடியில் மறைந்துவிடும் என்று சொல்கிறோம். குழந்தை வேண்டுமா என்று கேட்டோமா? வார்ஃபரின் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். கருவின் 6 முதல் 12-ஆவது வாரத்துக்குள் குறைபாடுகள் உண்டாகக்கூடும், தினம் 5 மி.கி.க்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாத்திரையை நிறுத்தி ஹெபரினுக்கு மாறினால் குழந்தைக்கு நல்லது, வால்வில் இரத்தம் உறையும் ஆபத்து தாய்க்கு. அவருக்கு எந்த வால்வு, எப்போது கருத்தரிப்பு, யார் கண்காணிப்பில் என்பது வெட்டின் நீளத்தைவிட நூறு மடங்கு பெரிய பேச்சு. அந்தப் பேச்சுக்கு இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒருமணி நேரம் உட்கார வேண்டும். ஆலோசனை அறையில் அதற்கான நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தொடைக் குழாய்கள், மென்திசு விரிப்பான், டைட்டானியம் பூட்டுகள், இவை ஒருமுறைப் பொருள்கள், செலவைக் கூட்டுகின்றன. காப்பீட்டு அட்டையோடு வரும் குடும்பத்திடம் தொகுப்புக்கு மேல் எவ்வளவு கட்ட வேண்டும், எதற்கு என்று பொருள்வாரியாக எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் முன்னதாக வீடு போவதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். அதே பணத்தில் ஓராண்டு ஐ.என்.ஆர். பரிசோதனையும் ஊருக்கு வந்துபோகும் பேருந்துச் செலவும் அடங்கும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். சிறுவெட்டு முறையை விளம்பரம் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் தமிழில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை அச்சடிக்க வேண்டும். கடந்த ஓராண்டில் இந்த முறையில் செய்த அறுவைகள் எத்தனை, முழுத்திறப்புக்கு மாறியவை எத்தனை, சராசரிக் கிளாம்ப் நேரம், பக்கவாதம், இரத்தக்கசிவுக்காக மறுபடி திறந்தவை, 30 நாள் மரணம் ஆகியவை அதில் இருக்கட்டும். பக்கத்திலேயே முழுத்திறப்பு முறைக்கான அதே எண்கள். ருமாட்டிக் நோயாளிகளின் கணக்கு தனியாக. சீர்செய்தவை எத்தனை, மாற்றியவை எத்தனை என்பதும் தனியாக. தாளை எக்கோ எடுத்து அறுவை தேவை என்று முடிவான நாளிலேயே கொடுங்கள், படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் ஒருவர் படித்துக் காட்டட்டும். கையெழுத்து ஒரு வாரம் கழித்து வாங்கலாம். அவசர அறுவைகளுக்கு இது பொருந்தாது, மற்றவற்றுக்கு ஒரு வாரம் காத்திருப்பதால் வால்வு ஒன்றும் ஓடிவிடாது.

தாளின் மாதிரியைத் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தம். எண்களை மட்டும் நீங்கள் நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
இதய அறுவை அரங்குகளில் பணிபுரியும் சிலர்